சாம்பிராணி போடாத ஆடி வெள்ளி

கொசுவின் கழுத்துக்குப் பக்கத்தில் எச்சில் சுரப்பி இருக்கிறது, அதை ஊசிமுனையால் வெளியே எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்க்கலாம் என்று சொன்னால் எங்கள் ரயில்வே லைன்ஸ் குடியிருப்பில் ஒருவரும் நம்பியதில்லை. நான் அந்த வேலையைத்தான் செய்து சம்பளம் வாங்கினேன். நிஜாம் சர்க்காரின் மலேரியா ஆய்வுக்கூடத்தில் கொசு அறுக்கும் உத்தியோகம். சென்னையில் விலங்கியல் படித்துவிட்டு, யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் அம்மாவோடு செகந்திராபாத்துக்கு வந்து அண்ணன் வீட்டில் சேர்ந்தேன். அண்ணன் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். தங்கை எங்கே வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் "ஆஸ்பத்திரியில்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவான். படித்த பெண் கொசு அறுக்கிறாள் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

என் கை அப்போது நன்றாக இருந்தது. அடக்கத்துக்காக இதை மறைக்கப் போவதில்லை. கொசுவை மயக்கி, சிறகையும் காலையும் நீக்கி, ஒரு சொட்டு உப்புநீரில் கிடத்தி, இரண்டு ஊசிகளால் தலையைப் பதமாக இழுத்தால் சுரப்பி கூடவே வரும். அவசரப்பட்டால் அறுந்து போகும். சுரப்பியில் கிருமி இருந்தால் அந்தக் கொசு கடிக்கிற ஆளுக்குக் குளிர்காய்ச்சல் வரும் என்று அர்த்தம். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் பாதிச் சுரப்பிகளைப் பிய்த்துத் தொலைத்தாராம். நான் அபூர்வமாகத்தான் தொலைத்தேன்.

எங்கள் தலைவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த டாக்டர். சீமைக்குப் போய்க் கொசுவைப் பற்றியே படித்துவிட்டு வந்தவர். எங்களோடு இங்கிலீஷில் பேசுவார், பூச்சி பிடிக்கும் ஆட்களோடு உருதுவில் பேசுவார், கோபம் வந்தால் இரண்டையும் விட்டுவிட்டு மௌனமாக மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார். ஒரு தடவை பார்த்தால் போதாது, திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். எனக்கு அவரிடம் மரியாதை உண்டு, ஆனால் பயம் கிடையாது. அதனால்தான் எங்கள் இருவருக்கும் வாக்குவாதம் ஓயாமல் நடந்தது.

ஊரெங்கும் கொசு பிடிப்பதற்கு ஒரு முறை இருந்தது. ஒவ்வொரு பேட்டைக்கும் வாரத்தில் ஒரு நாள். அந்த நாளில் காலையில், டார்ச் விளக்கும் ரப்பர் குழாய் மாட்டிய கண்ணாடிக் குழலும் எடுத்துக்கொண்டு எங்கள் ஆட்கள் வீடு வீடாக நுழைவார்கள். இரவில் கடித்த கொசு பகலில் இருட்டு மூலையிலும் தொங்குகிற துணிக்குப் பின்னாலும் உட்கார்ந்திருக்கும். அதைக் குழலால் உறிஞ்சிப் பிடித்து, சின்னக் கண்ணாடிக் குழாய்களில் அடைத்து என்னிடம் கொண்டுவருவார்கள். நிஜாம் சர்க்கார் ஆபீஸுக்கு வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. ஆகவே சனிக்கிழமை காலையில் ஆட்கள் ஓய்வெடுத்துத் தெம்பாக வருவார்கள் என்று கணக்குப் போட்டு, வீடுகள் நெருக்கமாக இருக்கும் எங்கள் லைன்ஸை டாக்டர் சனிக்கிழமைக்கு ஒதுக்கியிருந்தார்.

சனிக்கிழமைதோறும் எங்கள் லைன்ஸிலிருந்து வந்த குழாய்கள் காலியாக இருந்தன. எப்போதாவது ஒன்று, அதுவும் காய்ச்சல் பரப்பாத சாக்கடைக் கொசு.

ஆனால் லைன்ஸில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். மத்தியான வெயிலில் குழந்தைகள் ரஜாய்ப் போர்வைக்குள் சுருண்டு பல்லைக் கடிப்பதைத் தினமும் பார்த்துவிட்டுத்தான் நான் பஸ் ஏறுவேன். கொயினா மாத்திரையின் கசப்பு எல்லாருடைய நாக்கிலும் இருந்தது. டாக்டரிடம் சொன்னால் ரயில்வேக்காரர்கள் காட்டு ஊர்களுக்கெல்லாம் வண்டியில் போகிறவர்கள், காய்ச்சலை அங்கிருந்து கொண்டுவருவார்கள் என்பார். என் அண்ணிக்குப் போன வருஷம் காய்ச்சல் வந்ததே, அவள் எந்த வண்டியிலும் ஏறவில்லையே என்று கேட்டேன். ஓர் ஆளை வைத்து முடிவு செய்ய முடியாது என்றார். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அவருக்குக் கண்ணாடி வேண்டியிருந்தது.

அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதிகம் பேசாதவள், ஆனால் வாயில்லாப் பூச்சி என்று நினைத்தால் ஏமாந்து போவோம். முந்தின வருஷம் அவளுக்கு ஏழாம் மாதத்தில் குழந்தை தவறிவிட்டது. அதற்கு முன்பு பத்துப் பன்னிரண்டு நாள் விட்டு விட்டுக் குளிர்காய்ச்சல். காய்ச்சல்தான் குழந்தையைக் கொண்டுபோனது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் லைன்ஸில் வேறு கதை ஓடியது. அண்ணி மசக்கையாக இருந்தபோது ஒரு கிரகணம் வந்தது. அண்ணனுக்கு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதே என்று அவள் அருவாமனையை எடுத்துக் கத்தரிக்காய் நறுக்கியிருக்கிறாள். அதை எதிர்வீட்டு அம்மாள் பார்த்திருக்கிறாள். அவ்வளவுதான். கத்தரிக்காயை நறுக்கினாளா, பிள்ளையை நறுக்கினாளா என்று குழாயடியில் பேசினார்கள். என் அம்மா அப்படிக் கொடுமையாகச் சொல்லவில்லை. ஆனால் "நான் ஊர்ல இருந்து முன்னாடியே வந்திருந்தா அருவாமனையைத் தொட விட்டிருக்க மாட்டேன்" என்று அடிக்கடி சொன்னாள். அதுவும் அதே கத்திதான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். நான் எத்தனை தடவை கொசுவைப் பற்றி எடுத்துச் சொன்னாலும் அண்ணி தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வாள். நம்பினாளா என்று தெரியாது.

இப்போது மறுபடியும் அவளுக்கு ஏழாம் மாதம். ஆடி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. காய்ச்சலுக்கு அதுதான் பருவம்.

கொசுவைக் கொல்ல எங்களிடம் ஒரு மருந்து இருந்தது. சாமந்தி மாதிரி ஒரு பூவைக் காயவைத்துப் பொடித்து மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பம்பு வைத்து அடிப்பது. வாராவாரம் வீட்டுக்குள் அடித்தால் காய்ச்சல் சட்டென்று அடங்கும். யுத்த காலமாகையால் அந்தப் பூமருந்தில் பெரும்பங்கு திருமுல்கேரி பட்டாளத்துக்குப் போய்விட்டது. மிச்சத்தைக் கொசு அதிகம் அகப்படுகிற பேட்டைகளுக்குப் பங்கு போட வேண்டும். அந்தப் பங்கீடு ஆடி முடிவதற்குள் நடக்கும். எங்கள் லைன்ஸின் குழாய்கள் காலி. ஆகவே எங்களுக்கு ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. டாக்டர் அதை வருத்தத்தோடுதான் சொன்னார். அவர் வருத்தம் அண்ணியைக் காப்பாற்றாது.

விஷயம் எனக்குப் பிடிபட்டது ஒரு சனிக்கிழமை காலையில். முந்தின நாள் விடுமுறை. எண்ணெய் தேய்த்துக் குளித்து, அம்மா சாம்பிராணிப் புகையில் தலைமுடியை விரித்துக் காட்டி உலர்த்தி விட்டிருந்தாள். ஆய்வுக்கூடத்தில் உயிருள்ள கொசுக்களை வலைத்துணி கட்டிய கூண்டில் வைத்திருப்போம். அதன்மேல் குனிந்தபோது பின்னல் முன்னால் சரிந்து கூண்டின்மேல் விழுந்தது. உட்கார்ந்திருந்த கொசுக்கள் எல்லாம் எழும்பி எதிர்ப்பக்கம் போய் ஒட்டிக்கொண்டன. என் பின்னலின் வாசனையா, அது அசைந்த வேகமா என்று சத்தியமாகச் சொல்ல முடியாது. யோசனை வந்துவிட்டது, அது போதும்.

எங்கள் லைன்ஸில் முக்கால்வாசி வீடுகள் தமிழ் வீடுகள். ஜோலார்பேட்டை, அரக்கோணம், திருச்சி என்று ஊருக்கொரு பேச்சு, வீட்டுக்கொரு குழம்பு. ஆனால் வெள்ளிக்கிழமை விளக்கு வைத்ததும் எல்லா வீட்டிலும் தணல் எடுத்துச் சாம்பிராணி போடுவார்கள். அறை அறையாக, கட்டிலுக்கு அடியில், துணிக்கொடிக்குப் பின்னால், ஒரு மூலை விடாமல் காட்டுவார்கள். எதிரில் நிற்கிற ஆள் தெரியாது. மூச்சு முட்டி நாங்களே வாசலுக்கு ஓடி வருவோம், கொசு ஓடாதா? வெள்ளி மாலை நாங்கள் கொசுவைத் துரத்துகிறோம். சனி காலை சர்க்கார் ஆள் வந்து கொசு இல்லை என்று எழுதிக்கொண்டு போகிறார். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கொசு திரும்பி வந்து வியாழக்கிழமை வரை ஆசை தீரக் கடிக்கிறது. சர்க்காரின் வெள்ளிக்கிழமையும் எங்கள் வெள்ளிக்கிழமையும் சேர்ந்து செய்த குளறுபடி இது.

டாக்டரிடம் மூச்சு வாங்காமல் இதைச் சொன்னேன். கொசு பிடிக்கும் நாளை வியாழக்கிழமைக்கு மாற்றுங்கள் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். பிறகு நிதானமாக மறுத்தார். வியாழக்கிழமை கொசு அகப்பட்டால் அது புகையில்லாததால் வந்ததா, இடையில் பெய்த மழையால் வந்ததா என்று எப்படிச் சொல்வது? அதே சனிக்கிழமை, அதே காலை, அதே மாதிரி வீடுகள். ஒரு வரிசையில் புகை இருக்க வேண்டும், எதிர் வரிசையில் இருக்கக் கூடாது. அப்படிக் காட்டினால் ஒப்புக்கொள்கிறேன் என்றார். பங்கீட்டுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமைதான் பாக்கி இருந்தது.

அவர் சொன்னது சரி. அது சரியாக இருந்ததுதான் எனக்கு எரிச்சல். ஏனென்றால் அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின நாள் ஆடி வெள்ளி.

ஆடி வெள்ளியன்று சாம்பிராணி போடாதீர்கள் என்று ஒரு தமிழ் வீட்டில் போய்ச் சொல்லிப் பாருங்கள். நான் எங்கள் வரிசை முழுக்கச் சொல்லிப் பார்த்தேன். சாக்குக்கட்டியால் தரையில் கொசுவின் படம் வரைந்து விளக்கினேன். படம் அழகாக இருக்கிறது, இதையே கோலமாகப் போடலாம் என்று ஒருத்தி சொன்னாள். இன்னொருத்தி, உங்க ஆபீஸருக்குக் கொசுதான் குலதெய்வமா என்று கேட்டாள். அங்கேயே பிறந்து வளர்ந்த சின்னஞ்சிறுசுகள் என் பின்னால் அந்த ஊர் உருதுவில் "நக்கோ, நக்கோ", வேண்டாம் வேண்டாம், என்று கத்திக்கொண்டு வந்தன. எனக்குக் கோபம் வந்து, காய்ச்சலிலேயே கிடங்க என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வீட்டில் அம்மா எனக்காகக் காத்திருந்தாள்.

"ஆடி வெள்ளிக்குச் சாம்பிராணி போடாத வீட்டுல மகாலட்சுமியாடீ வருவா? கொசுதான் வரும்."

"அதைத்தாம்மா நானும் சொல்றேன்" என்றேன். அம்மாவுக்கு அது வேடிக்கையாகப் படவில்லை.

அண்ணி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் சண்டையை அவள் கேட்கிறாளா இல்லையா என்றே தெரியவில்லை. நான் அவளிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை. அவள் வயிற்றைப் பார்த்துவிட்டு எப்படிக் கேட்பது? முறத்தைக் கீழே வைத்துவிட்டு அவளே சொன்னாள்.

"இந்த ஒரு வெள்ளி நம்ம வீட்டுல வேணாம், அத்தை. விளக்கு மட்டும் ஏத்திக்கலாம்."

"வயித்துல பிள்ளையை வெச்சிக்கிட்டா?" என்றாள் அம்மா.

"அதனாலதான்" என்றாள் அண்ணி.

அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். அண்ணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள், அதற்கடுத்த வீட்டுக்கும் போனாள். படம் வரையவில்லை, கொசுவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் போடலை, நீங்களும் போடாம இருங்க என்று மட்டும் கேட்டாள். நிறைவயிற்றுக்காரி வாசலில் வந்து நின்று கேட்டால் இல்லை என்று சொல்ல முடியுமா? கிரகணக் கதையைப் பரப்பிய அம்மாள் எதிர் வரிசையில் இருந்தாள். அவள் தாராளமாகப் புகை போட்டுக்கொள்ளட்டும், அதுவும் எங்களுக்குத் தேவைதான் என்று நான் சொன்னபோது அண்ணி முதல் தடவையாகச் சிரித்தாள்.

புகை போடாத வீடுகளில் கர்ப்பிணி இருக்கிற வீடும் ஒன்று என்று தெரிந்ததும் டாக்டர் அந்த வீட்டை விட்டுவிடச் சொன்னார். அண்ணியிடம் சொன்னேன். நம்ம வீட்டை விட்டா மத்த வீட்டுலயும் போட்டுடுவாங்க என்றாள். அது உண்மை. டாக்டர் வாதாடவில்லை. மறுநாள் தன் வீட்டிலிருந்து ஒரு கொசுவலையைக் கொடுத்தனுப்பினார். நவாபுகளின் கட்டிலுக்குத் தைத்ததோ என்னவோ, எங்கள் அறையையே மூடுகிற மாதிரி அவ்வளவு பெரிது. வெள்ளிக்கிழமை அண்ணன் ராத்திரி ஷிப்டுக்குப் போய்விட்டான். அந்த வலைக்குள் அண்ணியும் நானும் படுத்தோம். என்னோடு பேச மாட்டேன் என்றிருந்த அம்மாவும், வெளியே கொசு பிடுங்கத் தொடங்கியதும், பேசாமலே உள்ளே வந்து படுத்துக்கொண்டாள்.

காலையில் டாக்டரே வந்துவிட்டார். கூடவே எங்கள் பூச்சி பிடிக்கும் ஆட்களில் மூத்தவரான பெரியவர் ஒருவர். முதலில் எதிர் வரிசை. ஒவ்வொரு வீட்டிலும் டார்ச் அடித்து, துணிகளை விலக்கி, மூலைமூலையாகத் தேடினார்கள். வழக்கம் போல வெறும் கையோடு வந்தார்கள். பிறகு எங்கள் வரிசை. எங்கள் வீட்டில் கொடியில் அண்ணியின் நீலப் புடவை தொங்கியது. பெரியவர் அதை மெல்ல விலக்கி, சுவரில் வெளிச்சத்தைச் சாய்த்தார். வாலைத் தூக்கித் தலையைக் குனிந்து, சுவரில் அடித்த ஆணிகள் சாய்ந்து நிற்பது போல அவை உட்கார்ந்திருந்தன. அந்த உட்காரும் விதம் ஒன்றே போதும், நாங்கள் தேடுகிற காய்ச்சல் கொசு அதுதான். பெரியவர் "ஹவ் ஜி", ஆமாம் ஐயா, என்று மட்டும் சொல்லிவிட்டுக் குழலை வாயில் வைத்தார். குழாய்கள் போதாமல் அடுத்த வீட்டுக்குப் மருந்து சீசாவைக் கழுவிப் பஞ்சடைத்து எடுத்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

டாக்டர் வாசலில் நின்று இரண்டு வரிசையையும் மாறி மாறிப் பார்த்தார். நல்ல மனுஷர், தோற்றதில் அவருக்குச் சந்தோஷம்தான். "நீங்கள் சொன்னது சரி" என்று என்னிடம் இங்கிலீஷில் சொல்லிவிட்டு, அண்ணியின் பக்கம் திரும்பி உருதுவில் நன்றி சொல்லி, நெற்றியில் கை வைத்துச் சலாம் செய்தார். ஓர் ஆபீஸர் தனக்குச் சலாம் போடுகிறாரே என்று அண்ணி பதறிப்போய்க் கும்பிட்டாள். அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று முழுவதும் நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்தேன். பெரும்பாலானவற்றின் சுரப்பி சுத்தமாக இருந்தது. வெளிச்சம் மங்கப் போகிற நேரத்தில், ஒன்றின் சுரப்பியைக் கண்ணாடிச் சில்லால் மூடி மைக்ரோஸ்கோப்பில் பார்த்ததும் பார்வை முழுக்க மெல்லிய இழைகள் நெளிந்தன. குழாயில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன். எங்கள் வீடு, நீலப் புடவைச் சுவர். நல்ல வேளை வலை இருந்தது என்று முதலில் தோன்றியது. உடனே, போன வருஷம் இதே சுவருக்குப் பக்கத்தில் அண்ணி வலையில்லாமல்தானே படுத்தாள் என்று தோன்றியது. அழுகை வந்துவிட்டது. டாக்டர் பார்த்துவிட்டு, சாயம் ஏற்றி அதைப் பத்திரப்படுத்துங்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

அந்த வாரமே எங்கள் லைன்ஸுக்குப் பூமருந்து வந்தது. வீட்டுக்குள் மண்ணெண்ணெய் நாற்றம் அடிக்கிறது என்று முணுமுணுத்தவர்களும் கதவைத் திறந்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமைகளில் சாம்பிராணி பழையபடி எழுந்தது. அதை நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எங்கள் லைன்ஸில் கொசு பிடிக்கும் நாளைத்தான் வியாழக்கிழமைக்கு மாற்றினார்கள். காய்ச்சல் குறைந்தது. ஐப்பசி மழையில் அண்ணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. கறுத்த, கொழுத்த, ஊரைக் கூட்டி அழுகிற குழந்தை.

குழந்தைக்கு மூன்று மாதம் ஆனதும், சர்க்கார் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வருகிற வழியில் அண்ணியும் அம்மாவும் என் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார்கள். அண்ணிதான் வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். அவளுக்கு அந்தக் கொசுவைப் பார்க்க வேண்டும். சாயமேற்றி வைத்திருந்த கண்ணாடித் துண்டை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்து, கண்ணை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டினேன். குழந்தையை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு அவள் பெஞ்சில் உட்கார்ந்து குனிந்தாள்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை என்றாள். திருகை மெல்லத் திருப்பிக் கொடுத்தேன். ஊதா நிறத்தில், நகம் வெட்டிப் போட்ட துணுக்குகள் மாதிரி வளைவு வளைவாகத் தெரிகிறதா என்று கேட்டேன். தெரியுது என்றாள். உங்கள் நீலப் புடவைக்குப் பின்னால் இருந்த கொசுவுக்குள் இருந்தது இது, இதுதான் காய்ச்சல், போன தடவை வந்ததும் இதுதான் என்று சொன்னேன். அவள் நிமிரவில்லை. ஒரு கை மேஜையின் விளிம்பைப் பிடித்திருந்தது. வெகுநேரம் பார்த்தாள்.

பிறகு, நிமிராமலேயே, மெதுவாகச் சொன்னாள்.

"அப்போ, நான் இல்லை."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா குழந்தையைக் கொண்டுவந்து அண்ணியின் மடியில் வைத்தாள். மருமகளின் தலையைக் கையால் ஒரு தடவை தடவிவிட்டு, தள்ளிக்கோம்மா, நானும் பார்க்கணும் என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.